காசான் (கர்னல்ல மெமரிப் பிழையைப் பிடிக்கிற கருவி) டைமர் கோர்ல கத்துது, ஸ்டாக்ல எங்க டிரைவர் பேரே இல்ல. எங்க ஆரம்பிக்கிறது?

தண்டையார்பேட்டை_டிரைவர்:

வணக்கம். லினக்ஸ் மெயின்லைன்ல (அதிகாரப்பூர்வ கர்னல்ல) சேராத ஒரு கேரக்டர் டிவைஸ் டிரைவரை 6.6 கர்னல்ல சிஸ்காலர் (தாறுமாறா சிஸ்டம் கால் போட்டு பிழை தேடுற கருவி) வெச்சு சோதிச்சிட்டிருக்கோம். க்யூஎமு விஎம் (மெய்நிகர் மெஷின்), 2 சிபியு, 2 ஜிபி ராம், காசான் இன்லைன் மோடு. ஐஆக்டிலுக்கு (டிரைவருக்குக் கட்டளை அனுப்புற சிஸ்டம் காலுக்கு) டிஸ்க்ரிப்ஷன் எழுதிக் கொடுத்த மறுநாளே கிராஷ் விழுந்துச்சு. லாக்ல முக்கியமான பகுதி இது:

> பக்: காசான்: ஸ்லாப் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ, என்க்யூ_டைமர்
> 8 பைட் ரைட், டாஸ்க்: எஸ்எஸ்ஹெச்டி
> கால் ட்ரேஸ்: ஹெச்லிஸ்ட்_ஆட்_ஹெட், என்க்யூ_டைமர், மாட்_டைமர், எஸ்கே_ரீசெட்_டைமர், அதுக்குக் கீழ எல்லாம் டிசிபி
> முகவரி: ஃப்ரீ ஆன 512 பைட் பகுதிக்குள்ள 72-வது பைட், கேஷ் கேமலாக்-512

இதோட இன்னும் ரெண்டு தலைப்பு வருது. ஒண்ணு ரன்_டைமர்ஸ்ல அதே யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ (ஃப்ரீ பண்ண மெமரியைத் திரும்பத் தொடுறது). இன்னொண்ணு அதே இடத்துல ஜெனரல் ப்ரொடக்‌ஷன் ஃபால்ட், நல்-பாயின்டர் வரம்பு 0 முதல் 7 வரைன்னு சொல்லுது. சி ரீப்ரோ (கிராஷைத் திரும்ப வரவைக்கிற சி ப்ரோகிராம்) கிடைச்சிருக்கு. ஒரு ஓட்டம் 10 நிமிஷம்னு வெச்சு 20 தடவை ஓட்டினதுல 4 தடவைதான் விழுது.

கேள்வி ரெண்டு. ட்ரேஸ் முழுக்க டிசிபியா இருக்கே, இது நெட்வொர்க் பக்கத்துப் பிழையா? நம்ம பக்கம்தான்னா எதைப் பிடிச்சு இழுக்கணும்? ராத்திரி முழுக்க ஓட்டி வெக்கலாம்னு பார்த்தா ஏரியால கரண்ட் போய்ப் போய் வருது, அது தனி பேஜார்.

---

மிண்ட்_மெயில்:

எஸ்எஸ்ஹெச்டில விழுதுன்னா டிசிபி டைமர்தான் மச்சி. 6.6 ஸ்டேபிள்ல கடைசி வெர்ஷனுக்கு ஏத்திப் பாரு, முக்கால்வாசி அதுலயே போயிடும். அப்பவும் வந்தா உன் டிரைவர்ல கேஃப்ரீக்கு (மெமரியை விடுற அழைப்பு) முன்னாடி டைமர்_பெண்டிங் பார்த்து, பெண்டிங்னா டெலீட் பண்ணு.

---

காசிமேடு_காசான்:

ஸ்டேபிள் ஏத்துறது நல்ல பழக்கம், ஆனா இங்க அது வேலைக்கு ஆகாது. எஸ்எஸ்ஹெச்டி அடி வாங்கினவன், அடிச்சவன் வேற ஆள்.

டைமர் சக்கரத்துல ஒவ்வொரு பக்கெட்டும் ஒரு ஹெச்லிஸ்ட் (லிங்க்ட் லிஸ்ட்). புது டைமரைத் தலையில சேர்க்கும்போது, ஏற்கெனவே தலையா இருந்த டைமரோட பிபிரெவ் (தனக்கு முந்தின இணைப்பைக் காட்டுற பாயின்டர்) ஃபீல்டுல கர்னல் எழுதும். அந்தப் பழைய தலை எந்த ஆப்ஜெக்டுக்குள்ள இருக்கோ அதை யாராவது லிஸ்ட்லருந்து எடுக்காம ஃப்ரீ பண்ணிட்டுப் போயிட்டா, அடுத்து அந்த பக்கெட்டுக்கு எவன் வர்றானோ அவன் பேர்ல கிராஷ் விழும். எஸ்எஸ்ஹெச் வழியா விஎம்முக்குள்ள பேசிட்டே இருக்கீங்க, டிசிபி ஓயாம டைமரைத் திருப்பி வெக்குது, அதனால அவன் மாட்டினான். கன்சோல்லருந்து ஓட்டியிருந்தா ஸ்வாப்பர் (சிபியு சும்மா இருக்கும்போது ஓடுற டாஸ்க்) பேர்ல வந்திருக்கும்.

உங்க லாக்ல உண்மையான துப்பு 72-ங்கிற எண்தான். ஹெச்லிஸ்ட் நோடுல நெக்ஸ்ட் 0-வது பைட்ல, பிபிரெவ் 8-வது பைட்ல. டைமர் ஸ்ட்ரக்சரோட முதல் உறுப்பே அந்த நோடு. அப்ப 72-ல எழுதினான்னா, ஃப்ரீ ஆன ஆப்ஜெக்டுக்குள்ள 64-வது பைட்ல ஒரு டைமர் ஆரம்பிக்கணும். உங்க டிரைவரோட காண்டெக்ஸ்ட் ஸ்ட்ரக்சரை பாஹோல்ல (ஸ்ட்ரக்சர்ல எந்த ஃபீல்டு எத்தனையாவது பைட்ல இருக்குன்னு காட்டுற கருவி) போட்டுப் பாருங்க. ஒரு விஷயத்துல உஷார்: காசான், லாக்டெப் (லாக் பிடிக்கிற வரிசைப் பிழையைக் கண்டுபிடிக்கிற ஆப்ஷன்) போட்டு பில்ட் பண்ண அதே கேஓ (கர்னல் மாட்யூல்) ஃபைலைத்தான் பாஹோலுக்குக் கொடுக்கணும். டீபக் ஆப்ஷன் போட்டா மியூடெக்ஸும் ஸ்பின்லாக்கும் வீங்கும், அதுக்குப் பின்னாடி இருக்குற ஃபீல்டெல்லாம் தள்ளிப்போகும். ப்ரொடக்‌ஷன் பில்டுல எண்ணிப் பார்த்தா 64-ல வேற ஏதோ இருக்கும், நீங்க தப்பான ஃபீல்டு பின்னாடி நாள் முழுக்க அலைவீங்க.

இன்னொண்ணு, லாக்கைப் பாதியில வெட்டிட்டீங்க. காசான் ரிப்போர்ட்ல தொட்டவன் ஸ்டாக் முதல்ல வரும், அதுக்குக் கீழ அலொகேட் பண்ணவன் ஸ்டாக், அதுக்கும் கீழ ஃப்ரீ பண்ணவன் ஸ்டாக். சில சமயம் அதுக்கும் கீழ, கடைசியா சம்பந்தப்பட்ட ஒர்க்கை (அப்புறம் ஓடட்டும்னு க்யூல போடுற வேலை) யார் உருவாக்கினான்னு நாலாவதா ஒண்ணு இருக்கும். தொட்டவன் ஸ்டாக் இந்த மாதிரி கேஸ்ல ஒண்ணுக்கும் உதவாது. மத்ததைப் போடுங்க. போடுறதுக்கு முன்னாடி டீகோட் ஸ்டாக்ட்ரேஸ் ஸ்கிரிப்ட்ல விட்டு வரி எண்ணோட எடுங்க. கேள்விக்குறி போட்ட வரிகளை நம்பாதீங்க, அதெல்லாம் ஸ்டாக்ல மிஞ்சிக் கிடந்த பழைய முகவரிகளா இருக்கலாம்.

---

தண்டையார்பேட்டை_டிரைவர்:

அக்கா, அச்சு அசலா நீங்க சொன்னதுதான். பாஹோல்ல 64-வது பைட்ல எங்க போல் டைமர். மிச்ச லாக்:

> அலொகேட்: எங்க ஓப்பன் ஃபங்ஷன், சிஆர்டெவ்_ஓப்பன்
> ஃப்ரீ: கேஃப்ரீ, எங்க ரிலீஸ் ஃபங்ஷன், எஃப்புட், டாஸ்க்_ஒர்க்_ரன்
> கடைசியா சம்பந்தப்பட்ட ஒர்க் உருவானது: இன்செர்ட்_ஒர்க், க்யூ_ஒர்க்_ஆன், எங்க டைமர் கால்பேக், கால்_டைமர்_எஃப்என்

ஆனா குழப்பம் இதுல இருக்கு. ரிலீஸ்ல நாங்க டைமர்_டெலீட்_சிங்க் போட்டிருக்கோம், அடுத்து கேன்சல்_ஒர்க்_சிங்க், அதுக்கு அப்புறம்தான் கேஃப்ரீ. ரெண்டுமே சிங்க். பின்ன எப்படி டைமர் லிஸ்ட்ல மிஞ்சும்?

கால்பேக் ஒர்க்கை க்யூ பண்ணும், ஒர்க் ஹார்டுவேர் ஸ்டேட்டஸைப் படிச்சுட்டு கடைசியில மாட்_டைமர் போட்டு 10 மில்லிசெகண்டுக்குத் திருப்பி வெக்கும்.

---

ராயபுரம்_ரூட்:

கடைசி வரியிலேயே விடையை வெச்சிருக்கியே தம்பி. டைமர் ஒர்க்கை எழுப்புது, ஒர்க் டைமரை எழுப்புது. வட்டம். வட்டத்துல ஒரு பக்கத்தை மட்டும் நிறுத்தினா இன்னொரு பக்கம் அதைத் திரும்பக் கிளப்பிடும்.

உன் ரிலீஸ் ஓடும்போது இன்னொரு சிபியுல ஒர்க் பாதியில இருக்குன்னு வெச்சுக்கோ. அந்த நேரத்துல டைமர் ஆர்ம் ஆகியே (அடிக்கத் தயாரா லிஸ்ட்ல சேர்ந்தே) இல்ல, ஏன்னா ஒர்க் முடிவுலதான் ஆர்ம் ஆகும். அதனால டைமர்_டெலீட்_சிங்க் உடனே வந்துடும். ஒண்ணும் இல்லாத இடத்துல என்னத்தை டெலீட் பண்றது? அடுத்து கேன்சல்_ஒர்க்_சிங்க். ஓடிட்டிருக்குற ஒர்க் முடியிற வரைக்கும் அது காத்திருக்கும், அதை நிறுத்தாது. அந்த ஒர்க் போற போக்குல மாட்_டைமர் போட்டுட்டுப் போகுது. கேன்சல் திரும்பி வருது, நீ கேஃப்ரீ பண்ற. டைமர் பக்கெட்டுல தொங்கிட்டு இருக்கு. கொருக்குப்பேட்டை கேட்டை மூடிட்டோம்னு சிக்னல் கொடுத்த மாதிரிதான். மூடுறதுக்கு முன்னாடியே தண்டவாளத்துல ஏறினவன் இன்னும் நடுவுல நிக்கிறான்.

யூகத்துல நிக்காம நிரூபிக்க வழி இருக்கு. ஒர்க் ஃபங்ஷன்ல மாட்_டைமருக்கு முந்தின வரியில எம்ஸ்லீப் 50 போடு. ஒர்க் ப்ராசஸ் காண்டெக்ஸ்ட்ல ஓடுறதால தூங்கலாம். இதையே டைமர் கால்பேக்ல போட்டா ஷெட்யூலிங் வைல் அடாமிக்னு வேற ஒரு பிழை வரும், அங்க எம்டிலே மட்டும்தான். 50 மில்லிசெகண்ட் போட்டா ஒர்க் பெரும்பாலான நேரம் அந்த ஜன்னலுக்குள்ளயே (பிழை விழக்கூடிய நேர இடைவெளி) நிக்கும். ஃபைலைத் திற, போல் ஆரம்பிக்க விடு, மூடு. அநேகமா ஒவ்வொரு தடவையும் விழணும். விழலைன்னா நாம சொன்ன காரணம் தப்பு, வேற இடத்துல தேடு.

கூடவே டீபக் ஆப்ஜெக்ட்ஸை (டைமர், ஒர்க் எல்லாம் எந்த நிலையில இருக்குன்னு கண்காணிக்கிற கர்னல் ஆப்ஷன், லாக்ல ஓடீபக்னு வரும்) ஆன் பண்ணு. அதுல ஃப்ரீ, டைமர்ஸ், ஒர்க் மூணு உப ஆப்ஷனும் வேணும். ஃப்ரீ ஆப்ஷனை விட்டுட்டா கேஃப்ரீ நேரத்துல சோதிக்காது. அது இருந்தா வேற எவனோ வந்து இடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேணாம், உன் கேஃப்ரீ வரியிலேயே "ஆக்டிவ் ஆப்ஜெக்டை ஃப்ரீ பண்ற, வகை டைமர்_லிஸ்ட், குறிப்பு உன் கால்பேக் பேர்"னு வார்னிங் வரும். ட்ரேஸும் குற்றவாளியோடதா இருக்கும். டைமர் சம்பந்தமா எது விழுந்தாலும் நான் முதல்ல போடுற ஆப்ஷன் இதுதான், காசான்கூட அதுக்கு அப்புறம்தான்.

இதுல நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு உண்டு. அந்த வார்னிங் கொடுத்த கையோட டீபக் ஆப்ஜெக்ட்ஸ் அந்த டைமரைத் தானே டெலீட் பண்ணி சரிசெஞ்சிடும். அதனால காசான் கிராஷ் நின்னு போகும். பேனிக்_ஆன்_வார்ன் 1 போடாம ஓட்டி, கிராஷ் வரலன்னு பார்த்தா, பிழை போயிடுச்சுன்னு நினைச்சுப்ப. வார்னிங்கை க்ரெப் பண்ணு. மெமரி பத்தாம ஓடீபக் தன்னைத்தானே நிறுத்திக்கிட்டேன்னு ஒரு வரி போடுறதும் உண்டு, ஃபால்ட் இன்ஜெக்‌ஷனோட ஓட்டும்போது அதையும் பார்த்துக்கோ.

---

மிண்ட்_மெயில்:

சரி, டிசிபின்னு சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன். அப்ப வரிசையை மாத்திட்டா போச்சே? முதல்ல கேன்சல்_ஒர்க்_சிங்க், அப்புறம் டைமர்_டெலீட்_சிங்க்.

---

காசிமேடு_காசான்:

அப்ப பிழை டைமர் பக்கத்துலருந்து ஒர்க் பக்கத்துக்கு ஜாகை மாறும், அவ்வளவுதான். கேன்சல் முடிஞ்சு டெலீட்டுக்கு வர்றதுக்குள்ள டைமர் அடிச்சா கால்பேக் ஒர்க்கை க்யூ பண்ணிடும். டெலீட்_சிங்க் அந்தக் கால்பேக் முடியக் காத்திருக்கும், க்யூல நிக்கிற ஒர்க்கைப் பத்தி அதுக்குத் தெரியாது. கேஃப்ரீ ஆனதும் ப்ராசஸ்_ஒன்_ஒர்க்ல விழும். டெலீட், கேன்சல், திரும்ப டெலீட்னு சாண்ட்விச் போடுறவங்களும் இருக்காங்க. ஜன்னல் சின்னதாகும், மூடாது. 20-க்கு 4 விழுந்தது 2000-க்கு 1 ஆகும், அதைப் பிடிக்கிறது இன்னும் கஷ்டம்.

முன்னாடி சொன்ன டைமர்_பெண்டிங் யோசனையும் இதே ரகம். பார்த்த நொடிக்கும் ஃப்ரீ பண்ற நொடிக்கும் நடுவுல ஆர்ம் ஆகலாம்.

6.2-ல டைமர்_ஷட்டவுன்_சிங்க் வந்ததே இந்த வட்டத்துக்காகத்தான். அது டைமரை எடுக்குது, ஓடுற கால்பேக் முடியக் காத்திருக்குது, அதோட நிக்காம டைமரோட ஃபங்ஷன் பாயின்டரை நல் ஆக்கிடுது. அதுக்கு அப்புறம் எவன் மாட்_டைமர் கூப்பிட்டாலும் சத்தமில்லாம திரும்பிடும், ஆர்ம் ஆகாது. ஆக ரிலீஸ்ல முதல்ல டைமர்_ஷட்டவுன்_சிங்க், அப்புறம் கேன்சல்_ஒர்க்_சிங்க், அப்புறம் கேஃப்ரீ. உங்களோடது 6.6, நேரடியா கிடைக்கும். ஷட்டவுன் பண்ண டைமரைத் திரும்பப் பயன்படுத்தணும்னா மறுபடி டைமர்_செட்டப் பண்ணணும். நீங்க ஒவ்வொரு ஓப்பனுக்கும் புதுசா அலொகேட் பண்றதால அந்தக் கவலை இல்ல. அதனாலதான் சஸ்பெண்ட் வழியில ஷட்டவுன் போடக் கூடாது, அங்க டெலீட் போதும். ரெஸ்யூம்ல டைமர் எழலன்னு அப்புறம் தனியா ஒரு பக் ரிப்போர்ட் வரும்.

பழைய கர்னலுக்கும் சேர்த்து டிரைவரைக் காப்பாத்தணும்னா, ஹெடர்ல அந்தப் பேர் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா ஸ்பின்லாக்குக்குள்ள ஒரு சாகும் கொடி வெச்சு, மாட்_டைமருக்கும் க்யூ_ஒர்க்குக்கும் முன்னாடி அதே லாக்கைப் பிடிச்சு கொடியைப் பார்க்கணும். லாக் இல்லாம வெறும் பூலியன் வெச்சா பழைய கதைதான்.

என் கருத்து கேட்டா இந்த டிரைவருக்குத் தனி டைமரே வேணாம். 10 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை ஒர்க் ஓடணும், அவ்வளவுதானே? டிலேய்டு ஒர்க் போடுங்க. கேன்சல்_டிலேய்டு_ஒர்க்_சிங்க் ஒரே அழைப்புல டைமரையும் ஒர்க்கையும் பார்த்துக்கும், ஒர்க் தன்னைத்தானே திரும்ப க்யூ பண்ணிக்கிட்டாலும் நிறுத்தும். அந்த வட்டத்தையே கோட்லருந்து தூக்கிடலாம்.

---

தண்டையார்பேட்டை_டிரைவர்:

எம்ஸ்லீப் 50 போட்டதும் மூடின உடனே விழுது, 10-க்கு 10. ஓடீபக் வார்னிங்லயும் எங்க கால்பேக் பேர். இப்ப டைமர்_ஷட்டவுன்_சிங்க் போட்டாச்சு, அதே எம்ஸ்லீப்போட 10-க்கு 0.

ரெண்டு சந்தேகம். எம்ஸ்லீப்பை எடுத்துட்டு பழைய ரீப்ரோவை எத்தனை தடவை ஓட்டினா நம்பலாம்? அந்த ஜெனரல் ப்ரொடக்‌ஷன் ஃபால்ட் தனி பிழையா?

அதோட லாக்டெப் இப்ப புதுசா சர்க்குலர் லாக்கிங்னு கத்துது, அதுல எங்க டிவைஸ் மியூடெக்ஸும் ஒர்க் கம்ப்ளீஷனும் வருது.

---

ராயபுரம்_ரூட்:

கணக்கு முதல்ல. ஒரு ஓட்டத்துல விழுற வாய்ப்பு 5-ல 1. பிழை அப்படியே இருந்தும் தொடர்ந்து 7 ஓட்டம் தப்பிக்கிற வாய்ப்பு 0.8-ஐ 7 தடவை பெருக்கினா 0.21. அதாவது 7 ஓட்டம் சுத்தமா போனதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. 14 ஓட்டத்துக்கு 0.044. 21 ஓட்டத்துக்கு 0.01-க்குக் கீழ. உனக்கு 21 வேணும், மூணரை மணி நேரம். 20-க்கு 4-ங்கிறதே சின்ன மாதிரி, உண்மையான விகிதம் இன்னும் கம்மியா இருக்கலாம். அதனால 30-ஆ வெச்சுக்கோ. கிட் பைசெக்ட் (கமிட்களைப் பாதி பாதியா பிரிச்சு பிழை வந்த கமிட்டைத் தேடுறது) பண்றவங்க இதைத்தான் கோட்டை விடுறாங்க. 14 படி பைசெக்ட்ல பாதி படி கெட்ட கமிட்ல நிக்குதுன்னு வெச்சா, படிக்கு 14 ஓட்டம் ஓட்டினாலும் எங்கயாவது ஒரு படியில "நல்லது"ன்னு தப்பா குறிக்கிற வாய்ப்பு கால்வாசிக்கு மேல. அப்புறம் சம்பந்தமே இல்லாத ஒரு டாக்குமென்டேஷன் கமிட்டைக் காட்டும், எல்லாரும் சிரிப்பாங்க. எம்ஸ்லீப் மாதிரி ஜன்னலை அகலமாக்கிட்டு பைசெக்ட் பண்ணா ஒரு ஓட்டமே போதும்.

கரண்ட் விஷயத்துக்கு: க்யூஎமுவுக்கு ஸ்னாப்ஷாட் ஆப்ஷன் கொடு, பாதியில அணைஞ்சாலும் இமேஜ் ஃபைல் கெடாது. சீரியல் கன்சோலை ஹோஸ்ட்ல ஃபைலுக்குத் திருப்பு. ஒவ்வொரு ஓட்டம் முடிஞ்சதும் எண்ணை ஒரு ஃபைல்ல எழுதி சிங்க் பண்ற மாதிரி ஷெல் லூப் எழுது, கரண்ட் வந்ததும் விட்ட இடத்துலருந்து தொடரலாம். மே மாசத்துல ஏசி இல்லாத ரூம்ல சிபியு சூடாகி கடிகாரம் இறங்கினா ரேஸோட நேரமும் மாறும். காலையில எடுத்த விகிதத்தை மத்தியானத்தோட ஒப்பிடாத.

ஃபால்ட் விஷயம் தனி பிழை இல்ல, மூணு தலைப்பும் ஒண்ணுதான். ஃப்ரீ ஆன ஆப்ஜெக்டை காசான் உடனே திருப்பிக் கொடுக்காம குவாரண்டீன்ல வெக்கும். அதோட உச்சவரம்பு மொத்த மெமரில 32-ல 1, உன் 2 ஜிபிக்கு சுமார் 64 எம்பி. அந்த நேரத்துக்குள்ள எவனாவது தொட்டா ஷேடோ பைட் (மெமரி நிலையை காசான் குறிச்சு வெக்கிற பைட்) எஃப்பின்னு இருக்கும், யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீன்னு ஒழுங்கா சொல்லும். புது டைமர் வந்து இடிச்சா என்க்யூ_டைமர், நேரம் ஆகி டைமர் அடிச்சா ரன்_டைமர்ஸ். குவாரண்டீன் நிரம்பி அந்த இடம் வேற ஒருத்தனுக்கு கேஸ்அலாக்ல (பூஜ்யம் நிரப்பிக் கொடுக்குற அலொகேஷன்) போயிட்டா உள்ள எல்லாம் பூஜ்யம், காசானுக்கும் அது இப்ப செல்லுபடியான மெமரி. டைமர் கோர் அங்க பிபிரெவ் எடுத்துப் பார்க்குது, 0. அந்த 0-ல எழுதப் போகும்போது காசான் முகவரியை 8-ஆல வகுத்து ஷேடோவைத் தேடுது, அந்த ஷேடோ முகவரி சிபியு ஏத்துக்காத வடிவத்துல இருக்கு, அங்கயே ஃபால்ட். ஒரு ஷேடோ பைட் 8 பைட்டைக் காக்குறதால வரம்பு 0 முதல் 7 வரைன்னு சொல்லுது. தலைப்பை வெச்சு பிழையை எண்ணினா ஒரே பிழைக்கு மூணு டிக்கெட் திறப்ப. அலொகேட், ஃப்ரீ ஸ்டாக்கை வெச்சு எண்ணு.

---

காசிமேடு_காசான்:

லாக்டெப் சொல்றது பொய் இல்ல, அதையும் சேர்த்து சரி பண்ணுங்க. ரிலீஸ்ல டிவைஸ் மியூடெக்ஸைப் பிடிச்சுக்கிட்டே கேன்சல்_ஒர்க்_சிங்க் கூப்பிடுறீங்க. ஒர்க் உள்ள அதே மியூடெக்ஸைக் கேட்குது. ரிலீஸ் ஒர்க் முடியக் காத்திருக்கும், ஒர்க் மியூடெக்ஸுக்குக் காத்திருக்கும். லாக்டெப் இல்லாம ஓட்டினா இது இயல்பான அமைப்புல 120 விநாடி கழிச்சு ஹங் டாஸ்க்னு வரும், அப்ப வேற யாரையாவது சந்தேகப்படுவீங்க. கால்பேக் எடுக்குற ஸ்பின்லாக்கைப் பிடிச்சுக்கிட்டு டைமர்_ஷட்டவுன்_சிங்க் கூப்பிட்டாலும் இதே கதி.

மியூடெக்ஸுக்குள்ள காண்டெக்ஸ்டைப் பட்டியல்லருந்து எடுத்துட்டு, மியூடெக்ஸை விட்டுட்டு, அப்புறம் ஷட்டவுன், கேன்சல், கேஃப்ரீ. பட்டியல்ல இல்லாததால புதுசா யாரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஓடிட்டிருக்குற ஐஆக்டில் ஃபைல் ரெஃபரன்ஸைப் பிடிச்சிருக்கும், அது முடியாம ரிலீஸ் வராது, அதனால அந்தப் பக்கம் பயமில்ல.

பேட்சுல அந்த எம்ஸ்லீப்பை எடுக்க மறந்துடாதீங்க. கமிட் மெசேஜ்ல ரெண்டு சிபியுவையும் பக்கத்துப் பக்கத்துல போட்டு எந்த வரி எதுக்கு முன்னாடி ஓடுதுன்னு எழுதுங்க, ரிவ்யூ பண்றவங்க முதல்ல தேடுறது அதைத்தான்.

---

தண்டையார்பேட்டை_டிரைவர்:

மியூடெக்ஸை விட்டுட்டு கேன்சல் பண்ற மாதிரி மாத்திட்டேன், லாக்டெப் அமைதி. 30 ஓட்டம் லூப்ல போட்டாச்சு, இப்ப 9-வது ஓடுது. டிலேய்டு ஒர்க் மாத்தம் தனி பேட்சா அடுத்து வரும். லூப் முடிஞ்சதும் எண்ணை இங்கயே போடுறேன்.